மின்விசிறிக்கு இன்சூரன்ஸ் உண்டு, அலைக்கு இல்லை: காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் பாலிசி வாசகங்களை எழுதி முடிவெடுக்கும் அதிகாரிகளுக்கும், அந்த நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையத்தின் உறுப்பினர்களுக்கும்,

சென்ற செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஒரே வரி. இந்த வகைத் தொழில் எங்கள் ஏற்பு வரம்புக்குள் வராததால் பாலிசியைப் புதுப்பிக்க இயலாது என்று. ஏழு வருடமாக ஒரு நாள்கூடப் பிந்தாமல் பிரீமியம் கட்டியிருக்கிறேன். போன் போட்டுக் கேட்டேன். "மேலிடத்து முடிவு சார்" என்றார் கிளையில் இருந்தவர். எந்த மேலிடம் என்று கேட்டேன், அவருக்கே தெரியவில்லை. அதனால்தான் மேலே இருக்கிற எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஒரு மீனவக் குப்பத்தில் அலைச்சறுக்கு (சர்ஃபிங்) பள்ளி நடத்துகிறேன். பள்ளி என்றதும் கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கீற்றுக் கொட்டகை, 14 போர்டு, ஒரு மின்விசிறி, குளித்துவிட்டுப் போக நல்ல தண்ணீர் டிரம், ஒரு முதலுதவிப் பெட்டி. என்னோடு ஐந்து பயிற்சியாளர்கள். ஐந்து பேரும் குப்பத்துப் பிள்ளைகள். விடியற்காலையில் கடலுக்குப் போய் வந்து, வலையை உதறிப் போட்டுவிட்டு, ஏழு மணிக்கு போர்டைத் தூக்குவார்கள். மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரைதான் எங்களுக்குச் சீசன். வாடைக் காற்று திரும்பிவிட்டால் கொட்டகையைப் பிரித்து வைத்துவிடுவோம்.

உங்கள் விண்ணப்பப் படிவத்தை எத்தனையோ முறை நிரப்பியிருக்கிறேன். கூரை கீற்றா கான்கிரீட்டா, பக்கத்தில் பெட்ரோல் பங்க் உண்டா, இரவில் காவலாளி உண்டா என்றெல்லாம் கேட்கிறீர்கள். கடலைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை மாணவர்கள், அலை எவ்வளவு உயர்ந்தால் வகுப்பை நிறுத்துவீர்கள், போர்டையும் காலையும் இணைக்கும் லீஷ் கயிற்றை எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுவீர்கள், யார் யாருக்கு உயிர்காப்புப் பயிற்சி இருக்கிறது என்று கேட்டிருந்தால் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்திருப்பேன். பயிற்சியாளர்களின் தகுதி என்று ஒரு கட்டம் மட்டும் இருந்தது. ஏஜென்ட் அதில் "எட்டாம் வகுப்பு" என்று எழுதினார். அந்த எட்டாம் வகுப்புக்காரன் மணலில் நின்று தண்ணீரைப் பார்த்தே தெண்டி ஓடுகிறதா வன்னி ஓடுகிறதா என்று சொல்லிவிடுவான். தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி. ஆளை வெளியே இழுக்கிற ஓட்டம் இன்று எந்த இடத்தில் இருக்கிறது என்பதை நுரையின் நிறத்தை வைத்துக் காட்டுவான். அதற்கு உங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

முதல் பாலிசி வாங்கிய கதையையும் சொல்லியாக வேண்டும். பள்ளி நடத்த அனுமதிக்கு விண்ணப்பித்தபோது "பப்ளிக் லயபிலிட்டி இன்சூரன்ஸ் காப்பி கொண்டுவா" என்றார்கள். என் தொழிலால் பொதுமக்களுக்கு அடிபட்டால் இழப்பீடு கொடுக்கும் பொறுப்புக் காப்பீடு அது. ஏஜென்டிடம் அப்படியே சொன்னேன். நான்கு நாளில் பாலிசி வந்தது. முத்திரை, கையெழுத்து எல்லாம் பக்கா. அலுவலகத்தில் வாங்கி ஃபைலில் கோத்துக்கொண்டார்கள். இரண்டு வருடம் கழித்து, ஒரு மழைநாளில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் அதை எழுத்துக்கூட்டிப் படித்தேன். 1991ஆம் வருடத்துப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தின்படி கொடுத்த பாலிசி அது. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானவர்கள் செத்த பிறகு வந்த சட்டம். அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் இடங்களுக்கானது. அதாவது என் கீற்றுக் கொட்டகையிலிருந்து அமோனியா கசிந்து வழியில் போகிறவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் இழப்பீடு உண்டு. கொட்டகையில் இருந்த ஒரே ரசாயனம் முதலுதவிப் பெட்டியில் இருந்த டெட்டால்.

விற்றவரும் அதைப் படிக்கவில்லை, வாங்கிய நானும் படிக்கவில்லை, கோத்துக்கொண்டவரும் படிக்கவில்லை. எங்கள் எல்லோருக்கும் தேவைப்பட்டது அந்தத் தலைப்பு மட்டும்தான். என் தப்பை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தொழிற்சாலை நடத்தாத ஒருவன் "பொதுமக்களுக்கு என்னால் அடிபட்டால்" என்று கேட்டு வரும்போது கையில் எடுத்துக் கொடுக்க, அவனுக்குப் பொருந்தும் ஒரு சாதாரண பாலிசி உங்கள் கடையில் இருந்திருந்தால் ஏஜென்ட் ஏன் ரசாயன பாலிசியை எடுத்து நீட்டப்போகிறார்?

அப்புறம் அதை விட்டுவிட்டு, தொழிற்சாலை அல்லாதவர்களுக்கான பொறுப்புக் காப்பீட்டை வாங்கினேன். 25 லட்சம் ரூபாய்க்கு. தொழில் என்ற இடத்தில் அலைச்சறுக்குப் பயிற்சி என்று நானே என் கையால் எழுதினேன். பிரீமியம் போட்டு, அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் போட்டார்கள். தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரி போய்விட்டது. சந்தோஷம். எங்களுக்கு இன்னும் போகவில்லை.

இரண்டு வருடம் முன்பு, ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேற்கே இருந்து வரும் கச்சான் காற்று எழும்புவதற்கு முன்னால், இடுப்பளவு அலை வந்துகொண்டிருந்த காலை. இரண்டாவது வகுப்புக்கு வந்த ஒரு மென்பொருள் நிறுவன ஊழியர் விழுந்தார். விழுவது பெரிய விஷயமில்லை, ஒரு வகுப்பில் முப்பது தடவை விழுவார்கள். ஆனால் அன்றைக்கு அவர் கணுக்காலில் கட்டியிருந்த லீஷின் ஒட்டுப்பட்டை பிரிந்துவிட்டது. மணல் ஏறிய ஒட்டுப்பட்டை. போர்டு தனியாக நுரையில் ஏறிக் கரைக்கு வந்தது. முழங்கால் தண்ணீரில் மகனோடு நின்றிருந்த ஒரு மனிதர் பையனைத் தூக்கித் தன் பின்னால் இழுத்தார். போர்டின் மூக்கு அவர் தாடையில் அடித்தது. மெத்தென்ற ஃபோம் போர்டுதான். ஆனாலும் எட்டடி நீளப் பலகையை அலை தள்ளிக்கொண்டு வரும்போது அது மெத்தை இல்லை. முன்பல் இரண்டு போனது, தாடை எலும்பில் விரிசல் விட்டது, பிளேட் வைத்தார்கள். ஆஸ்பத்திரி பில் 2,86,000 ரூபாய்.

அந்த மனிதர் நல்லவர். போலீசுக்குப் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உங்களிடம் இன்சூரன்ஸ் இருக்கும் அல்லவா?" என்று ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். வாயைத் திறக்க முடியாத நிலை. இருக்கிறது சார் என்று நிம்மதியாகச் சொன்னேன்.

பத்தாவது நாள், இழப்பை மதிப்பிட நிறுவனம் அனுப்பிய சர்வேயர் வந்தார். கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். கூரையைப் படம் எடுத்தார். மின்விசிறியைப் படம் எடுத்தார், அதன் ஒயர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். போர்டுகள் அடுக்கியிருந்த சட்டத்தை அளந்தார். நான் லீஷை எடுத்துக் காட்டினேன், அதைக் கையில் வாங்கவில்லை. "சம்பவம் நடந்த இடம் அங்கே சார்" என்று கடலைக் காட்டினேன். கொட்டகையிலிருந்து தண்ணீர் அறுபது அடி. நல்ல கறுப்பு ஷூ போட்டிருந்தார். மணலைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார், "பரவாயில்லை, தெரிகிறது" என்றார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையில் இருந்த படிவத்திலும் கடல் இல்லை.

கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. நீரிலோ நீரின்மேலோ நடக்கும் எந்தச் செயலால் எழும் பொறுப்பும் இதில் அடங்காது என்று பதினோராம் பக்கத்தில் இருக்கிறதாம். பார்த்தேன், இருந்தது. அலைச்சறுக்குப் பள்ளிக்கு என்று தெரிந்தே கொடுத்த பாலிசியில் தண்ணீர் விலக்கு. மணலில் யாராவது என் டிரம்மில் இடறி விழுந்தால் 25 லட்சம் வரை உண்டு. மின்விசிறி கழன்று தலையில் விழுந்தாலும் உண்டு.

அன்று அந்த வகுப்பை எடுத்த பையனுக்கு 23 வயது. லீஷை நான்தான் கட்டிவிட்டேன், நான்தான் பார்த்திருக்க வேண்டும் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான். அண்ணனும் அவனும் சேர்ந்து ஃபைபர் படகுக்கு வாங்கிய என்ஜினில் தன் பங்கை அண்ணனுக்கே விற்று 60,000 ரூபாயைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. மீதியை நான் வட்டிக்கு வாங்கிக் கட்டினேன். இப்போது அவன் அண்ணன் படகில் கூலிக்குப் போகிறான்.

ஏன் குறைதீர்ப்பாளரிடம் போகவில்லை என்று கேட்பீர்கள். போகலாம் என்று எனக்கும் தெரியும். தனி உரிமையாளர் நடத்தும் தொழில்களும் குறுந்தொழில்களும் 50 லட்சம் ரூபாய் வரையான புகாரோடு இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் போக வழியிருக்கிறது. ஆவணம் போதவில்லை என்று சொல்லி கிளெய்மைத் தள்ளக் கூடாது என்று 2024இல் ஆணையமே சொல்லியிருக்கிறது. நியாயமான காரணம் இருந்தால் தாமதமாகச் சொன்னதற்காக மட்டும் தள்ளக் கூடாது என்று 2011லேயே சுற்றறிக்கை வந்திருக்கிறது. இதெல்லாம் நல்ல விதிகள். ஆனால் என் கேஸில் ஆவணம் குறையவில்லை, தாமதமும் இல்லை. அந்த விலக்கு பாலிசியில் தெளிவாக அச்சாகியிருக்கிறது. நிராகரித்தது தப்பு என்று நான் வாதாடவில்லை. அந்த விலக்கோடு இந்த பாலிசியை எனக்கு விற்றதுதான் தப்பு என்கிறேன். அது இல்லாத பாலிசியைக் காசு கொடுத்தும் வாங்க முடியவில்லை என்பதுதான் என் புகார்.

மாணவர்கள் பக்கமும் ஒரு சிக்கல் உண்டு. போன சீசனில் ஒரு பெண்ணுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. அலுவலகம் கொடுத்த மருத்துவக் காப்பீட்டில் கேட்டார். சாகச விளையாட்டு, தர முடியாது என்று பதில். நாங்கள் உட்கார்ந்து வாசகத்தைப் பிரித்தோம். 2019இல் ஆணையம் மருத்துவ பாலிசிகளின் விலக்குகளை ஒரே வாசகமாக்கியது. அதில் ஒன்பதாவது குறியீடு சாகச விளையாட்டுகளைப் பற்றியது. மலையேற்றம், ராஃப்டிங், ஸ்கூபா என்று ஒரு பட்டியல். அவருடைய பாலிசியில் ஹேங் கிளைடிங் என்பதை "ஹேண்ட் கிளைடிங்" என்று அச்சடித்திருந்தார்கள், கையால் பறப்பது போலும். அது போகட்டும். அந்த வாசகத்தில் முக்கியமான சொல் ஒன்று இருக்கிறது: தொழில்முறையாளராகப் பங்கேற்றால்தான் விலக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆசைக்குக் கடலில் இறங்கிய பெண் எந்த ஊர்த் தொழில்முறையாளர்? அந்தச் சொல்லை அடிக்கோடிட்டு அனுப்பினோம். மூன்று வாரத்தில் பணம் வந்துவிட்டது. அடிக்கோடு போடத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை.

ஆனால் அந்தப் பெண்ணைக் காப்பாற்றிய அதே சொல் என் பையன்களைத் தள்ளிவிடுகிறது. அவர்கள் நிஜமாகவே தொழில்முறையாளர்கள். விடிகாலையில் படகில் போகும்போது அவன் மீனவன். பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மீனவர்களுக்கான குழு விபத்துக் காப்பீடு இருக்கிறது. இறந்தால் 5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 25,000. பிரீமியத்தை அரசே கட்டுகிறது. ஏழு மணிக்கு அதே ஆள் அதே கடலில் போர்டோடு இறங்கும்போது அவனுக்கென்று எழுதிய பாலிசி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. கூடுதல் பிரீமியம் தருகிறேன், சாகச விலக்கை எடுத்துவிட்டுக் குழு விபத்து பாலிசி கொடுங்கள் என்று மூன்று இடத்தில் கேட்டேன். ஐந்து பேர் போதாது என்றார்கள். வருடத்துக்கு 20 ரூபாய் கட்டினால் 2 லட்சம் என்ற அரசின் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டை வங்கியில் எல்லோருக்கும் போட்டு வைத்திருக்கிறேன். இப்போதைக்கு அதுதான் எங்கள் தைரியம்.

போட்டி நடத்துவதைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நான் செய்த ஒரு காரியம் எனக்கே பிடிக்கவில்லை. வருடம் ஒருமுறை ஆகஸ்டில் குப்பத்துப் பிள்ளைகளுக்கு ஒருநாள் போட்டி வைப்போம். நாற்பது பிள்ளைகள், பத்து வயதிலிருந்து பதினாறு வரை. கோப்பை, டி-ஷர்ட், மதியம் பிரியாணி, எல்லாம் சேர்த்து 1,75,000 ரூபாயில் முடித்துவிடுவோம். அனுமதிக்கு நிகழ்ச்சிக் காப்பீடு கேட்டார்கள். கேட்பது நியாயம். இரண்டு நிறுவனங்கள் பதிலே போடவில்லை. ஒன்று, அந்த ஒரே நாளுக்கு 1,10,000 ரூபாய் என்றது. அதிலும் பங்கேற்கும் பிள்ளைகளுக்கு அடிபட்டால் கிடையாது, வேடிக்கை பார்ப்பவர்களுக்கு மட்டும்.

நிகழ்ச்சிக்கு பாலிசி எழுதத் தெரியாதவர்கள் இல்லை நீங்கள். மும்பை கிங்ஸ் சர்க்கிளில் ஜி.எஸ்.பி. சேவா மண்டல் வைக்கும் பிள்ளையாருக்கு 2025இல் 474.46 கோடி ரூபாய்க்குக் காப்பீடு எடுத்தார்கள். நகைக்கு மட்டும் இல்லை. தொண்டர்கள், பூசாரிகள், சமையல்காரர்கள், காவலாளிகளுக்கு விபத்துக் காப்பீடு, கும்பிட வரும் கூட்டத்துக்குப் பொறுப்புக் காப்பீடு எல்லாம் அதற்குள் அடக்கம். ஐந்து நாள் விழாவுக்கு அடுப்படி வரை யோசித்து எழுத முடிகிறது. பெரிய விழாவுக்குப் பெரிய பாலிசி, அதில் எனக்குப் பொறாமை கிடையாது. நாற்பது பிள்ளைகளுக்குச் சின்னதாக ஒன்று வெட்டித் தரக் கூடாதா?

சரி, நான் என்ன செய்தேன் என்றால், போன வருடம் அனுமதி இல்லாமலே நடத்தினேன். பேனர் இல்லை, மைக் இல்லை. யாராவது கேட்டால் பிள்ளைகள் சும்மா விளையாடுகிறார்கள் என்று சொல்வதாக ஏற்பாடு. ஆம்புலன்ஸ் நிறுத்தச் சொல்ல முடியவில்லை, நிகழ்ச்சி என்று ஒன்று இருந்தால்தானே ஆம்புலன்ஸ் கேட்கலாம். உயிர்காக்கும் வீரர்களுக்கும் கடிதம் கொடுக்க முடியவில்லை. கடவுள் புண்ணியத்தில் ஒரு பிள்ளைக்கு முட்டி சிராய்த்ததோடு முடிந்தது. ராத்திரி தூக்கம் வரவில்லை. இப்படி ஒளித்து நடத்துவது தப்பு, இதை வெளிப்படையாகவே எழுதுகிறேன். நீங்கள் மறுப்பதால் போட்டி நிற்கவில்லை, பாதுகாப்புதான் நின்றது.

2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. நம் நாட்டு வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். எங்கள் பையன்கள் எல்லோரும் கரையில் நின்று தொண்டை கட்டும்வரை கத்தினோம். அந்த அலைக்கு ஆசியாவே வரலாம், அதே அலையில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒருநாள் காப்பீடு கிடைக்காது என்றால் எப்படி?

ஆபத்தான தொழில், யார் பொறுப்பெடுப்பது என்ற பதில் எனக்குப் பழகிவிட்டது. போன சீசனில் சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு பெண் வகுப்புக்கு வந்தார். அவர் அங்கே பனிச்சறுக்கு சொல்லிக்கொடுப்பவர். பணம் கட்டுவதற்கு முன்னால், "உங்கள் பொறுப்புக் காப்பீட்டைப் பார்க்கலாமா?" என்றார், நாம் ஓட்டலில் மெனு கார்டு கேட்பது போல. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அங்கே 1999 ஜூலை 27இல் இன்டர்லாக்கன் பக்கத்தில் சாக்ஸெட் ஓடையில் திடீர் வெள்ளம் வந்து, பள்ளத்தாக்கு இறங்கும் விளையாட்டுக்குப் போன 21 பேர் செத்தார்கள். அந்த விளையாட்டையே ஒழித்துவிட வேண்டும் என்று அவர்கள் போகவில்லை. நிறைய வருடம் பேசி, 2014 ஜனவரி முதல் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். காசு வாங்கிக்கொண்டு தடம் போடாத பனிச் சரிவில் ஆட்களைக் கூட்டிப் போகிறவர், ராஃப்டிங் நடத்துகிறவர், காலில் கயிறு கட்டிப் பஞ்சி குதிக்க வைக்கிறவர் எல்லோரும் உரிமம் எடுக்க வேண்டும், குறைந்தது 50 லட்சம் ஃபிராங்குக்குப் பொறுப்புக் காப்பீடு வைத்திருக்க வேண்டும். பிரான்சில் விளையாட்டுச் சங்கமோ போட்டி நடத்துபவரோ பொறுப்புக் காப்பீடு இல்லாமல் நடத்தினால் ஆறு மாதச் சிறையும் 7,500 யூரோ அபராதமும் சட்டத்தில் இருக்கிறது. பனிச்சறுக்கு மலையில் லிஃப்ட் டிக்கெட் வாங்கும்போதே கூடச் சில யூரோ கொடுத்து அன்றைக்கான காப்பீட்டை வாங்கிக்கொள்ளலாம். பனிச்சரிவு உருண்டு வரும் மலைக்கே கணக்குப் போட ஆள் இருக்கிறது. கட்டாயம் என்று சொல்கிற ஊரில் கடையிலும் சரக்கு இருக்கிறது. இங்கே கேட்கிறார்கள், கடையில் இல்லை.

நம் ஊரிலும் பெரிய விபத்துக்குப் பிறகுதான் விதி வருகிறது. 2018 மார்ச் 11இல் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் போனார்கள். உடனே தடை, அப்புறம் அதே வருடம் மலையேற்றத்துக்கு விதிகள். கடலுக்கு அப்படி ஒரு நாள் வரக் காத்திருக்க வேண்டாம் என்றுதான் கெஞ்சுகிறேன்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. என்னைப் போன்றவர்கள் எண்ணிக்கையில் குறைவு, இழப்புக் கணக்கு கையில் இல்லை, எந்தப் பயிற்சியும் இல்லாமல் போர்டை மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுகிறவனும் இதே கரையில் இருக்கிறான். அவனையும் என்னையும் பிரித்துப் பார்ப்பது எப்படி என்பீர்கள். கேளுங்கள், காட்டுகிறேன். எட்டு சீசனாக ஒவ்வொரு வகுப்பையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: தேதி, அலை, காற்று, யார் எடுத்தது, யாருக்கு என்ன அடி. அந்தத் தாடை விபத்துக்குப் பிறகு ஒட்டுப்பட்டையைக் கழுவிப் பார்த்துத்தான் கட்டுவது, குளிப்பவர்களுக்கும் எங்களுக்கும் நடுவே கொடி நட்டுக் கோடு பிரிப்பது என்று மாற்றியிருக்கிறோம். அந்த நோட்டை வாங்கிப் பார்த்த அதிகாரி இதுவரை ஒருவரும் இல்லை.

ஆள் குறைவு, ஆபத்து அதிகம் என்றால் என்ன செய்வது என்பதும் உங்களுக்குத் தெரியாததில்லை. லாரிகளுக்கு மூன்றாம் நபர் காப்பீடு கொடுக்க எல்லோரும் தயங்கியபோது 2007இல் எல்லா நிறுவனங்களும் சேர்ந்து ஒரு பொது நிதியம் வைத்தீர்கள். 2012இல் அதைக் கலைத்துவிட்டு, மறுக்கப்பட்ட வண்டிகளுக்கென்றே ஒன்று வைத்தீர்கள். 2015இல் அணு உலைகளுக்காக 1,500 கோடி ரூபாயில் கூட்டு நிதியம் வந்தது. எங்கள் கொட்டகையிலிருந்து இதே கரையோரமாகத் தெற்கே போனால், மாமல்லபுரத்தைத் தாண்டிக் கல்பாக்கம். அணு உலைக்கு வழி கண்டுபிடித்தவர்களுக்கு என் ஃபோம் போர்டு பெரிய கணக்கா?

கேட்பது இவைதான்.

முதலாவது, ஆணையத்துக்கு. 2020இல் கொரோனா வந்தபோது ஒரே மாதிரி வாசகத்தில் கொரோனா கவச் பாலிசியை எல்லோரும் விற்க வேண்டும் என்று உத்தரவு போட்டு, ஜூலை 10க்குள் கடைக்குக் கொண்டுவந்தீர்கள். 2021 ஏப்ரலில் 5 கோடி ரூபாய் வரை சொத்துள்ள குறுந்தொழில்களுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா வந்தது. தீப்பிடித்தால் அது போதும். அதே போல, அலைச்சறுக்கு, ஸ்கூபா, மலையேற்றம், பாராகிளைடிங், காஷ்மீர் குல்மார்க்கிலும் உத்தராகண்ட் ஆலியிலும் பனிச்சறுக்கு நடத்தும் சிறு ஆட்களுக்கென்று ஒரே வாசகத்தில் ஒரு பொறுப்பு பாலிசியைக் கட்டாயமாக்குங்கள். நடத்தும் தொழிலையே விலக்கி எழுதும் வரி அதில் இருக்கக் கூடாது. பங்கேற்பவரும் அதில் அடங்க வேண்டும்.

நிறுவனங்களுக்கு: வேண்டுமானால் முதல் 10,000 ரூபாயை நாங்களே ஏற்கிறோம் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பயிற்சியாளருக்கு மூன்று மாணவர்களுக்கு மேல் கூடாது, உயிர்காப்புச் சான்று வேண்டும், வகுப்பு நோட்டு வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். மீறினால் ரத்து செய்யுங்கள். நிபந்தனை போட்டால் போர்டை வாடகைக்கு விடுகிறவன் தானாக வெளியே போய்விடுவான். பயிற்சியாளர்கள் ஐந்து பேர், மூன்று பேர் என்றாலும், பல பள்ளிகளைச் சேர்த்து ஒரே குழுவாகக் கணக்கிட்டு விபத்துக் காப்பீடு கொடுங்கள். சின்னப் போட்டிகளுக்கு, ஆள் எண்ணிக்கையை வைத்து, ஒரு நாளுக்கான பாலிசி வேண்டும். புதுப்பிக்க மறுத்தால் காரணத்தை எழுத்தில், காலாவதிக்கு 60 நாள் முன்னால் சொல்லுங்கள். என்னுடையது இன்னும் 19 நாளில் முடிகிறது.

அந்த 19 நாளுக்குள் என் விண்ணப்பத்தை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது தனிப்பட்ட வேண்டுகோள். பார்க்க ஆள் அனுப்புங்கள். காலை ஆறரைக்கு வரச் சொல்லுங்கள், காற்று எழும்புவதற்கு முன்னால். ஷூவைக் கொட்டகையில் கழற்றி வைக்க இடம் இருக்கிறது. அங்கிருந்து அறுபது அடிதான், நான் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு அலைச்சறுக்குப் பள்ளி நடத்துபவன்,
கிழக்குக் கடற்கரைச் சாலை, செங்கல்பட்டு மாவட்டம்.